‘இருக்கியா?’ என்று கேட்கும் சாவடி

மழைக்காலம் வந்துவிட்டால் செய்தியில் ஒரு வரி தப்பாமல் வரும். புதுச்சேரி துறைமுகத்தில் இத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்பார்கள். கேட்டிருப்பீர்கள். ஒன்றும் இரண்டும், தூரத்தில் எங்கோ கடலில் காற்று சுழல்கிறது என்பதற்கு. மூன்றும் நான்கும் நம் துறைமுகத்துக்கே ஆபத்து வரலாம் என்பதற்கு. ஐந்து, ஆறு, ஏழு அபாயம். எட்டு, ஒன்பது, பத்து பெரும் அபாயம். பகலில் கம்பத்தில் கூண்டு தொங்கும். இரவில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்கு எரியும்.

அப்படியானால் 11-ஆம் எண் எதற்கு?

நான் நான்காவது படிக்கும்போது, பதினொன்று ஏற்றினால் ஊரே கடலுக்குள் போய்விடும் என்று பக்கத்து பெஞ்சுக்காரனிடம் அடித்துச் சொன்னேன். அவனும் நம்பினான். இரண்டு நாள் பயந்துகொண்டே பள்ளிக்கு வந்தோம். பெரியவனான பிறகுதான் விஷயம் தெரிந்தது. பத்தைவிடப் பெரிய புயலுக்கு எண்ணே கிடையாது. 11-க்கு அர்த்தம் வேறு: வானிலை எச்சரிக்கை மையத்தோடு இருந்த தொடர்பு அறுந்துவிட்டது, அங்கிருந்து ஒரு தகவலும் வரவில்லை, ஆனால் இங்கே வானம் சரியில்லை என்று துறைமுக அதிகாரிக்குத் தோன்றுகிறது. அவ்வளவுதான். யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதற்காகவே ஏற்றப்படும் கூண்டு அது.

இதைக் கண்டுபிடித்தவர் யாரோ, மகா புத்திசாலி. ‘சேதி வரவில்லையே, அப்படியானால் ஒன்றுமில்லை’ என்று நாம் நினைப்போம். அவர், ‘சேதி வரவில்லையே, என்னவோ ஆகியிருக்கிறது’ என்று நினைத்திருக்கிறார். கணினிகளுக்காக நாள் முழுக்க இந்த 11-ஆம் எண் வேலையையே செய்கிற ஓர் இடம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மாதம் பேசப்போகிறோம்.

அந்த இடத்துக்கு வலைப்பின்னல் இயக்க மையம் என்று பெயர். ஆங்கிலத்தில் மூன்று எழுத்து: என்.ஓ.சி. வீட்டில் சொன்னால் அப்பா, ‘எந்த ஆபீஸில் வாங்கணும்?’ என்று கேட்பார். தடையில்லாச் சான்றுக்கும் அதே மூன்று எழுத்துதானே. அங்கே வேலை செய்கிறவர்கள் எழுத்துக் கூட்டாமல் ‘நாக்’ என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு ஒரு தமிழ்ச் சொல்லை வைக்கச் சொன்னால் ‘சாவடி’ என்பேன். போகிறவர் வருகிறவரைப் பார்த்தபடி, வழியோரத்தில் ஆள் உட்கார்ந்திருக்கும் இடம்தானே சாவடி? சுங்கச்சாவடி, காவல் சாவடி, நம் புதுச்சேரியிலேயே தட்டாஞ்சாவடி. தட்டான் என்றால் பொற்கொல்லர். தட்டான் என்றால் மழைக்கு முன் தாழப் பறக்கும் பூச்சியும்தான். அந்தப் பூச்சியின் ஒவ்வொரு கண்ணும் ஆயிரக்கணக்கான குட்டிக் கண்களால் ஆனது. முன்னாலும் பக்கவாட்டிலும் மேலேயும் ஒரே நேரத்தில் பார்க்கும். ஊர்ப்பெயர் பூச்சியிலிருந்து வரவில்லைதான். ஆனாலும் நம் பேச்சுக்கு அந்தப் பூச்சி பொருத்தமாக இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டைப் பக்கம் போயிருக்கிறீர்களா? சின்னதும் பெரியதுமாகப் பட்டறைகளும் தொழிற்சாலைகளும் இருக்கும் இடம். அங்கே அட்டைப்பெட்டி செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். இது நானே கட்டிய தொழிற்சாலை, தேடிக்கொண்டு போகாதீர்கள். ஆனால் இனி சொல்லப்போகும் வேலை இப்படித்தான் நடக்கிறது.

அந்தத் தொழிற்சாலையில் இருபது கணினிகள். கணக்கும் ஆர்டரும் இருக்கும் சர்வர் ஒன்று. இணையம் உள்ளே நுழையும் ரௌட்டர் ஒன்று. கணினிகளையெல்லாம் ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்ச் இரண்டு (சுவரில் தட்டுகிற சுவிட்ச் இல்லை, கம்பிகள் செருகிய பெட்டி). மின்சாரம் போனால் தாங்கிப் பிடிக்கும் யு.பி.எஸ். ஒன்று, கேமரா ஆறு, விரல்ரேகை வைத்து வருகை பதியும் கருவி ஒன்று. இவற்றுக்காக ஒரு கணினிப் பொறியாளரை இரவும் பகலும் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள முதலாளிக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே வெளியில் ஒரு நிறுவனத்திடம் மாதம் இவ்வளவு என்று பேசி ஒப்படைத்துவிடுகிறார்.

உங்கள் வீட்டில் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவிக்கு ஏ.எம்.சி., அதாவது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், போட்டிருப்பார்கள். அதுபோலவா என்றால், இல்லை. ஏ.எம்.சி.காரர் கருவி கெட்டுப்போய் நாம் போன் செய்த பிறகு வருவார், அதுவும் இரண்டு நாள் கழித்து. இவர்கள் கெடுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். கெட்டுவிட்டால் முதலாளிக்குத் தெரிவதற்கு முன் இவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதைத்தான் மேனேஜ்டு சர்வீஸ் என்கிறார்கள். இப்படி நூறு, இருநூறு வாடிக்கையாளர்களின் கருவிகளை ஒரே அறையில் உட்கார்ந்து பார்க்கிற இடம்தான் நாக். அது சென்னையில் இருக்கலாம், கோயம்புத்தூரில் இருக்கலாம், வேறு நாட்டிலும் இருக்கலாம்.

எப்படிப் பார்ப்பது? கேட்டுத்தான். அங்கிருக்கும் கணினி நிமிடத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ ஒவ்வொரு கருவியையும் கூப்பிடும்: இருக்கியா? கருவி பதில் சொல்லும்: இருக்கேன். மறுபடி: இருக்கியா? இருக்கேன். இவ்வளவு சலிப்பான உரையாடல் உலகத்திலேயே கிடையாது. அந்தச் சலிப்பு நீடிக்கிறவரை எல்லோருக்கும் நிம்மதி.

இப்போது இரவு 2 மணி 10 நிமிடம். மழை கொட்டுகிறது. தொழிற்சாலையில் இருபது கணினிகளும் அணைத்துக் கிடக்கின்றன. அவை பதில் சொல்லவில்லை என்றால் யாரும் பதற மாட்டார்கள். ராத்திரியில் அவை தூங்க வேண்டியவை. விழித்திருக்க வேண்டியவை பன்னிரண்டு. திடீரென்று பன்னிரண்டும் மௌனம்.

ஒரு முறை பதில் வராவிட்டால் நாக் கண்டுகொள்ளாது. கம்பியில் எங்கோ நெரிசல், கேள்வியே தொலைந்துபோயிருக்கலாம். இரண்டாம் முறையும் இல்லை. மூன்றாம் முறையும் இல்லை. அப்போதுதான் திரையில் பச்சையாக இருந்த பன்னிரண்டு கட்டங்களும் சிவப்பாகின்றன. வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமே ஆன தம்பி ‘அக்கா, பன்னிரண்டும் போயிடுச்சு!’ என்று நாற்காலியை விட்டே எழுந்துவிடுகிறான். ஷிப்டில் மூத்த அக்கா எழவில்லை. தெருவில் ஒரு விளக்கு எரியாவிட்டால் பல்பு போயிருக்கும். தெருவே இருண்டிருந்தால் யாராவது ஒவ்வொரு பல்பாகக் கழற்றிப் பார்ப்பார்களா? டிரான்ஸ்பார்மரைத்தான் பார்ப்பார்கள். பன்னிரண்டு கருவிகள் ஒரே நொடியில் தனித்தனியாகச் சாகாது. எல்லோருக்கும் பொதுவான ஒன்று விழுந்திருக்கிறது. திரையில் இருக்கும் வரைபடத்தில் பன்னிரண்டு கோடுகளும் ஒரே இடத்தில் சேர்கின்றன: இணையம் உள்ளே வரும் வாசல்.

ஒரு நிமிடத்தில் ஆறு கட்டங்கள் தாமாகவே பச்சையாகின்றன. ரௌட்டருக்குள் அவசரத்துக்கென்று ஒரு செல்போன் சிம் வைத்திருக்கிறார்கள். பெரிய வழி அடைபட்டதும் அது சந்து வழியாகத் தொடர்பைப் பிடித்துவிட்டது. இப்போது யு.பி.எஸ். பேசுகிறது: வெளி மின்சாரம் இல்லை, பேட்டரியில் ஓடுகிறேன், இன்னும் இருபது நிமிடம் தாங்குவேன். ஆக, மின்வெட்டு. இணையம் கொண்டுவரும் கம்பிக்காரரின் பெட்டிக்கு யு.பி.எஸ். இல்லை, அதனால்தான் வாசல் அடைபட்டது. கேமராக்களுக்கும் இல்லை, அவை இன்னும் சிவப்பு.

அக்கா தொழிற்சாலைக் காவலாளியைக் கூப்பிடுகிறார்.

“அண்ணே, கம்ப்யூட்டர் பாத்துக்கிற இடத்துலேர்ந்து பேசுறேன். அங்க கரன்ட் இருக்கா?”

“இல்லம்மா, இப்பத்தான் போச்சு. மழை பிச்சிக்கிட்டு ஊத்துது.”

“ஜெனரேட்டர் போடலையாண்ணே?”

“டீசல் இல்லம்மா. நாளைக்கு வாங்கலாம்னு மேனேஜர் சொன்னாரு.”

இதற்கு உலகத்தின் எந்த மென்பொருளும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. அக்கா அடுத்த வேலையைச் செய்கிறார். இருபது நிமிடத்தில் பேட்டரி தீர்ந்து சர்வர் பட்டென்று அணைந்தால், எழுதிக்கொண்டிருந்த கணக்குக் கோப்பு பாதியில் கிழிந்தது போல் ஆகிவிடலாம். ஆகவே தூரத்திலிருந்தே சர்வரைப் பக்குவமாக மூடி அணைக்கிறார். நடந்ததை நேரத்தோடு எழுதி வைக்கிறார். அந்தக் குறிப்புக்கு டிக்கெட் என்று பெயர். பஸ்ஸுக்கும் சினிமாவுக்கும் சம்பந்தமில்லாத டிக்கெட். காலையில் வரும் ஷிப்ட் அதைப் படித்துவிட்டு, மின்சாரம் வந்ததும் சர்வரை எழுப்பும். ஒன்பது மணிக்கு முதலாளி வந்து உட்காரும்போது எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். டீசல் விஷயம் மட்டும் அவர் மேசையில் ஒரு வரியாகக் காத்திருக்கும்.

‘இருக்கியா?’ என்று கேட்கும் அந்த நிரலுக்கு வரலாறு உண்டு. அதன் பெயர் பிங். அமெரிக்கப் படையின் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரில் அதை எழுதினார். வலைப்பின்னலில் ஏதோ கோளாறு, எங்கே என்று தெரியவில்லை, கண்டுபிடிக்க உட்கார்ந்து ஒரு மாலைக்குள் எழுதி முடித்துவிட்டார். நீர்மூழ்கிக் கப்பல் ‘பிங்’ என்று ஓர் ஒலியைக் கடலுக்குள் அனுப்பி, எதிரொலி திரும்பி வருகிற நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். அந்த ஒலியையே பெயராக வைத்தார்.

பிங்கும் நேரத்தைக் கணக்கிடும், மில்லி நொடியில். ஒரு நொடியை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு. கண்ணாடி இழைக் கம்பிக்குள் ஒளி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அப்படியென்றால் ஒரு மில்லி நொடிக்கு 200 கிலோமீட்டர். புதுச்சேரியிலிருந்து சென்னை சுமார் 150 கிலோமீட்டர். போய்த் திரும்ப 300. ஒன்றரை மில்லி நொடி போதும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் 3,200 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு கம்பி 2002-ல் போடப்பட்டது. அதில் போய்த் திரும்ப 6,400 கிலோமீட்டர், 32 மில்லி நொடி. தமிழ் இலக்கணத்தில் கண் இமைக்கும் நேரத்தை ஒரு மாத்திரை என்று படித்திருப்பீர்களே? கண்ணிமைக்கக் குறைந்தது 100 மில்லி நொடியாவது ஆகும். ஒரு மாத்திரைக்குள் ஒரு கேள்வி சிங்கப்பூருக்கு மூன்று முறை போய்த் திரும்பிவிடலாம்!

‘இருக்கேன்’ என்ற ஒரு பதில் மட்டும் போதாது என்று பிறகு தெரிந்தது. இருக்கிறாய் சரி, எப்படி இருக்கிறாய்? காய்ச்சலா? வயிறு நிரம்பிவிட்டதா? இதைக் கேட்பதற்கென்று 1988-ல் ஒரு பொது மொழி வந்தது. எஸ்.என்.எம்.பி. என்பார்கள். எந்த நிறுவனம் செய்த கருவியாக இருந்தாலும், அந்த மொழி தெரிந்திருந்தால் தன் வெப்பநிலை, மின்விசிறியின் வேகம், கம்பியில் இருக்கும் நெரிசல் எல்லாவற்றையும் சொல்லும்.

இந்த இடத்தில் நம் ஊர்க் கதை ஒன்று வருகிறது. ஸ்ரீதர் வேம்பு, டோனி தாமஸ், இன்னும் சிலர் சேர்ந்து 1996-ல் அட்வென்ட்நெட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். சென்னையில் உட்கார்ந்து அவர்கள் முதலில் விற்ற சரக்கே இந்த எஸ்.என்.எம்.பி. மொழியைப் பேசுவதற்கான கருவிப்பெட்டிதான். 2002-ல் மேனேஜ்எஞ்சின் என்ற பெயரில், அலுவலகங்களின் வலைப்பின்னலைக் கண்காணிக்கும் மென்பொருள்களை வெளியிடத் தொடங்கினார்கள். 2009-ல் நிறுவனத்தின் பெயரை மாற்றினார்கள். மாற்றிய பெயர் உங்களுக்குத் தெரியும்: ஸோஹோ. மின்னஞ்சலுக்கும் கணக்கு மென்பொருளுக்கும் பெயர்போன அந்த நிறுவனம், ‘எப்படி இருக்கே?’ என்று இயந்திரங்களை விசாரித்துத்தான் பிழைப்பைத் தொடங்கியது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

எப்படி இருக்கிறாய் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தால் கணக்குப் போடலாம். சர்வரின் வட்டு 80 சதவீதம் நிரம்பியிருக்கிறது, நாளுக்கு ஒரு சதவீதம் ஏறுகிறது. இன்னும் எத்தனை நாள்? இருபது. இன்றே பழைய கோப்புகளை அகற்றினால் இருபதாம் நாள் பில் போட முடியாமல் தொழிற்சாலை திகைக்காது. இது சுலபம். கஷ்டமானது வேறு ஒன்று.

பேக்கப் தெரியுமா? கணக்குகளை ஒவ்வொரு நாள் இரவும் வேறோர் இடத்தில் நகலெடுத்து வைப்பது. நகலெடுக்கும் நிரலிடம், ‘தப்பு நடந்தால் எங்களுக்குச் சேதி அனுப்பு’ என்று சொல்லி வைக்கிறோம். ஒரு மாதமாகத் தப்புச் சேதியே வரவில்லை. சந்தோஷப்படலாமா? கூடாது! அந்த நிரலே ஒரு மாதத்துக்கு முன் நின்றுபோயிருக்கலாம். நின்றுபோனது எப்படிப் புகார் சொல்லும்? ஆகவே அனுபவமுள்ள நாக் மாற்றிக் கேட்கும்: தப்பு நடந்தால் சொல்லாதே, சரியாக நடந்தால் தினமும் சொல். காலை மூன்று மணிக்குள் ‘முடித்துவிட்டேன்’ என்ற சேதி வரவில்லையா, மணி அடி. ரயில் என்ஜினிலும் இதே உபாயம் இருக்கிறது. ஓட்டுநர் கொஞ்ச நேரம் எந்தக் கைப்பிடியையும் தொடாமல் இருந்தால் முதலில் விளக்கு எரியும், பிறகு ஒலி எழும், அதற்கும் அசைவில்லை என்றால் ரயில் தானே பிரேக் பிடித்துக்கொள்ளும். கூண்டு எண் 11, தண்டவாளத்தின் மேல்.

சாவடியே வாயடைத்துப்போன கதையும் உண்டு. 2021 அக்டோபர் 4, நம் நேரப்படி இரவு ஒன்பது மணிக்குமேல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுக்க நின்றன. உங்கள் அம்மா வைஃபை பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டிருப்பார், கேட்டுப்பாருங்கள். பராமரிப்புக்காகக் கொடுத்த ஒரு கட்டளையால் மூன்றையும் நடத்தும் நிறுவனத்தின் வலைப்பின்னல் இணையத்திலிருந்தே காணாமல் போய்விட்டது. சரிசெய்ய வேண்டிய பொறியாளர்களின் கருவிகளும் அதே வலைப்பின்னலில்தான் இருந்தன. உள்ளே நுழைய வழியில்லை. ஆட்களை நேரில் அனுப்பி, பூட்டுகளைத் தாண்டி, சர்வர்களைத் தொட்டுச் சரிசெய்ய ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி! அதனால்தான் நல்ல நாக் தனக்கென்று வேறு வழி ஒன்றை வைத்திருக்கும். நம் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் சிம் அந்த மாதிரி ஒரு வழிதான். நாக்கையும் ‘இருக்கியா?’ என்று கேட்க வேறோர் ஊரில் இன்னொரு கணினி இருக்கும்.

வேறு ஊர் என்பது முக்கியம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. என் வீட்டில் முதலில் மின்சாரம் போனது, உடனே வைஃபை போனது, சில மணி நேரம் கழித்து செல்போன் சிக்னலும் போனது. கோபுரத்துக்கும் பேட்டரிதானே, அது எவ்வளவு நேரம் தாங்கும்? அன்றைக்குச் சாவடிக்காரரும் இதே தெருவில் இருந்திருந்தால் எங்களோடு அவரும் மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்திருப்பார்.

நாக்கில் இரவு என்று ஒன்று கிடையாது, எங்கோ ஒரு நாட்டில் பகலாகத்தான் இருக்கும். நம் ஊர் இளைஞர்கள் பலர் இரவு 10:30-க்கு அமெரிக்காவில் இருக்கும் யாரோ ஒரு பல் மருத்துவரின் கணினிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கோடைக்காலமாக இருந்தால் நியூயார்க்கில் அப்போது பகல் ஒரு மணி. மருத்துவர் சாப்பிடப் போயிருப்பார். அந்த நேரத்தில் கணினிகளைப் பழுதுபார்த்துவிடலாம். இரவில் கண்விழிப்பது உடம்புக்கு நல்லதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதைச் சொல்வதில்லை.

எல்லாவற்றையும் தூரத்திலிருந்தே செய்துவிட முடியுமா? 2024 ஜூலை 19, நம் நேரப்படி காலை 9:39. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் ஒரு பிழையான கோப்பை உலகமெங்கும் அனுப்பியது. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் விமானம் ஏறுவதற்கான போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். நாக் மையங்களால் என்ன செய்ய முடிந்தது? தூரத்திலிருந்து கட்டளை கேட்க வேண்டிய கணினி எழுந்திருக்கவே இல்லையே. பெரும்பாலும் ஒவ்வொரு கணினியாக ஓர் ஆள் நேரில் போய் உட்கார்ந்து அந்த ஒரு கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. ஸ்க்ரூடிரைவரும் சாவிக்கொத்துமாகப் பைக்கில் வரும் அண்ணனுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

நீங்களும் ஒரு நாள் சாவடிக்காரராக இருந்து பார்க்கலாம். வீட்டிலோ பள்ளியிலோ பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விண்டோஸ் கணினியில் கட்டளை எழுதும் கறுப்புப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். பிங் என்பதை ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, 8.8.8.8 என்று அடித்து என்டர் தட்டுங்கள். அது கூகுள் நிறுவனம் பொதுவில் வைத்திருக்கும் ஒரு முகவரி. நான்கு முறை கேட்கும், நான்கு பதில் வரும். ஒவ்வொன்றிலும் ‘time’ என்பதற்குப் பக்கத்தில் எத்தனை மில்லி நொடி என்று ஓர் எண் இருக்கும். பதில் வராவிட்டால் கணினி செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். தெரியாதவர் கேட்டால் பதில் சொல்லக் கூடாது என்று சில இடங்களில் கருவிகளைப் பழக்கியிருப்பார்கள்.

வந்த எண்ணைப் பாதியாக்கி 200-ஆல் பெருக்குங்கள். 10 வந்தால் 5, பெருக்கினால் 1,000 கிலோமீட்டர். உங்களுக்குப் பதில் சொன்ன கணினி அதைவிடத் தூரத்தில் இருக்கவே முடியாது. நிலப்படத்தை விரித்து, உங்கள் ஊரை நடுவில் வைத்து அந்த அளவுக்கு ஒரு வட்டம் போடுங்கள். அமெரிக்கா உள்ளே வருகிறதா என்று பாருங்கள். எண்ணையும் தேதியையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை துறைமுகத்தில் கூண்டு ஏற்றினார்கள் என்று செய்தி வரும் நாளில் மறுபடியும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.